வாளும் வைத்தியசாலையும்

வைக்கிங் கடலோடிகளின் காலத்தைக் களமாகக் கொண்ட சாகஸ நாவல்களுள் கீர்த்தி பெற்றது, ஸ்வீடன் ஆசிரியர் பிரான்ஸ் பெங்ட்ஸன் 1941-லும் 1945-லும் இரு பாகங்களாக வெளியிட்ட ‘ரோடே ஓர்ம்’. அதன் நாயகன் அரசகுமாரனல்லன். நிலமுள்ள குடியானவனின் மகன். கொள்ளைக்காரர் கையில் அகப்பட்டு, ஸ்பெயின் தேசத்தில் அடிமையாய்த் துடுப்பு வலித்து, பின்னர் அல்மன்ஸூரின் மெய்காவலனாகிறான். கதை ஏறக்குறைய 980 முதல் 1010 வரை நடக்கிறது. அக்காலத்தில்தான், 985-இல், ராஜராஜன் இங்கே பட்டமெய்தினான்.

அதற்குச் சற்று முந்திய ஆண்டுகளைக் கல்கி 1950 முதல் ‘பொன்னியின் செல்வ’னில் எழுதினார். ஆதித்த கரிகாலன் கொலையில் சம்பந்தப்பட்ட துரோகிகளின் பெயர்களை உடையார்குடிச் சாஸனம் கூறியிருந்தும், கொன்ற கை எதுவென அவர் தீர்த்துச் சொல்லாமல் விட்டது விவேகமே. நாடிழந்த குலத்தவனான வந்தியத்தேவனை நாயகனாக்கியதும் நல்ல தேர்வு. ஆனால் அவருக்குப் பின் வந்தோரில் பெரும்பாலோர் அரண்மனை வாயிலைத் தாண்ட மறுப்பானேன்? குடிகளுக்குச் சரித்திரமே இல்லையோ!

பழையசீவரத்துக்கு எதிரே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயிற் சுவரில் வீரராஜேந்திரன் காலத்து நீண்ட சாஸனம் ஒன்று உண்டு. வேத பாடசாலை, மாணாக்கர் விடுதி, அவர்களுக்கும் கோயிற் பணியாளர்க்குமாக 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை. வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன்; ரணசிகிச்சை செய்ய ஒருவர்; மூலிகை கொணர்ந்து மருந்து காய்ச்ச இருவர்; நோயாளரைப் பேணப் பெண்கள். இன்னாருக்கு இவ்வளவு நெல், இவ்வளவு காசு என்று கணக்கு. சேமிக்கவேண்டிய மருந்துகளின் பெயரும் வரிசையாக உண்டு. நார்வே அரசன் ஹரால்ட் 1066-இல் இங்கிலாந்தில் மடிய, வைக்கிங் யுகம் முடிந்ததென்பர்; இச்சாஸனம் அதற்கு ஓரிரண்டு ஆண்டுகளே பிந்தியது. கடாரத்துக்குப் படை அனுப்பியவனும் இதே வீரராஜேந்திரன்தான். அப்படையிலிருந்து மீண்ட ஒருவன், ஆறாத புண்ணோடு பாலாற்றைக் கடந்து அந்த வைத்தியரிடம் வந்தான் என்று வைத்துக்கொள்வோம். கதைக்கு வேறென்ன வேண்டும்?

தென்மேற்கே உத்திரமேரூர். 919, 921-ஆம் ஆண்டுகளின் பராந்தக சாஸனங்கள் அங்கே குடவோலைத் தேர்தலை விவரிக்கின்றன. (ஐஸ்லாந்தார் தம் பொதுச்சபையை நிறுவியது 930-இல்.) வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் சுற்றத்தாரும் மீண்டும் தகுதி பெறார். மைத்துனனின் களவால் தன் பெயரோலை குடத்தில் இடப்பெறாமற்போன நேர்மையான ஒருவனின் மனக்கொதிப்பு, பத்து வாட்போருக்கு ஈடாகும் என்பது நம் அபிப்பிராயம்.

நம் நாவலாசிரியர்கள் செங்கற்பட்டிலிருந்து காஞ்சி செல்லும் ரயிலில் பழையசீவரத்தில் இறங்கி, ஆற்றைக் கடந்தால் போதும். சுவர் அங்கேயே இருக்கிறது.