நோய்த்தொகுதிக் கட்டண முறை

நோய்த்தொகுதிக் கட்டண முறை என்பது, மருத்துவமனை செய்யும் ஒவ்வொரு செலவையும் தனித்தனியே ஈடுசெய்யாமல், நோயின் வகையையும் அளிக்கப்பட்ட சிகிச்சையையும் கொண்டு முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்ட ஒரே தொகையை வழங்கும் முறை ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு இது டி.ஆர்.ஜி. முறை எனவும் அழைக்கப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் மெடிக்கேர் காப்பீட்டுத் திட்டத்தில் 1983 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இம்முறை, பின்னர் பல நாடுகளில் வெவ்வேறு வடிவங்களில் பின்பற்றப்பட்டது.

பின்னணி

முதியோருக்கான மெடிக்கேர் திட்டம் 1965 இல் சட்டமாகி, 1966 ஜூலையில் செயல்படத் தொடங்கியது. தொடக்கத்தில் மருத்துவமனைகள் தாம் செய்த செலவைக் கணக்குக் காட்டி அரசிடமிருந்து பெற்றுக்கொண்டன. இம்முறையில் நோயாளி கூடுதல் நாட்கள் தங்கினால் மருத்துவமனையின் வருவாயும் கூடும். மாறாக, செலவைக் குறைக்கும் மருத்துவமனைக்கு அடுத்த முறை குறைந்த தொகையே கிடைக்கும். எனவே சிக்கனமாக நடந்துகொள்ள எவ்விதத் தூண்டுதலும் இருக்கவில்லை. திட்டத்தின் செலவு விரைவாக உயர்ந்தது.

இதே காலத்தில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஃபெட்டர், ஜான் தாம்சன் ஆகியோர் நோயாளிகளை வகைப்படுத்தும் முறை ஒன்றை உருவாக்கினர். ஒரே அளவு வளங்கள் தேவைப்படும் நோயாளிகளை ஒரே தொகுதியில் சேர்ப்பதே அதன் அடிப்படை. மருத்துவமனைகளின் பணியை ஒன்றோடொன்று ஒப்பிடுவதே அவர்களின் தொடக்க நோக்கம். கட்டணம் நிர்ணயிப்பது அன்று. நியூ செர்சி மாநிலம் 1980 இல் இவ்வகைப்பாட்டைக் கட்டணத்துக்குப் பயன்படுத்தியது. 1983 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரேகன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் மெடிக்கேர் திட்டமும் படிப்படியாக இம்முறைக்கு மாறியது.

செயல்படும் முறை

நோயாளி வீடு திரும்பிய பின், அவருடைய முதன்மை நோய், உடனிருந்த பிற நோய்கள், செய்யப்பட்ட அறுவை சிகிச்சை ஆகியவை குறியீடுகளாகப் பதியப்படுகின்றன. அக்குறியீடுகளைக் கொண்டு கணினி நிரல் ஒன்று அவரை ஒரு தொகுதியில் சேர்க்கிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் எடை உண்டு. சராசரி நோயாளியின் எடை ஏறத்தாழ 1 எனக் கொள்ளப்படுகிறது. கட்டணம் பின்வருமாறு கணக்கிடப்படுகிறது:

கட்டணம் = அடிப்படைத் தொகை × தொகுதியின் எடை

எடுத்துக்காட்டாக, அடிப்படைத் தொகை 6,000 டாலர், எடை 2 எனில், மருத்துவமனைக்கு 12,000 டாலர் கிடைக்கும். மருத்துவமனை 10,000 டாலரில் சிகிச்சையை முடித்தால் மீதி 2,000 டாலர் அதற்கே உரியது. 14,000 டாலர் செலவானால் 2,000 டாலர் இழப்பையும் அதுவே ஏற்க வேண்டும்.

நடைமுறையில் உள்ளூர் ஊதிய நிலை, மருத்துவக் கல்வி அளித்தல், ஏழை நோயாளிகளின் விழுக்காடு ஆகியவற்றுக்கு ஏற்ப இத்தொகை மாற்றியமைக்கப்படுகிறது. மிக அதிகச் செலவு பிடிக்கும் நோயாளிகளுக்குக் கூடுதல் தொகை தனியே வழங்கப்படும். மருத்துவர்களின் கட்டணம் இதில் அடங்காது என்பது குறிப்பிடத்தக்கது.

விளைவுகளும் விமர்சனங்களும்

இம்முறை வந்தபின் நோயாளிகள் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறைந்தன. முழுமையாகக் குணமாகும் முன்பே நோயாளிகள் அனுப்பப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. 1990 இல் வெளியான ராண்ட் நிறுவன ஆய்வு, இறப்பு வீதம் உயரவில்லை எனவும், ஆனால் நிலையற்ற உடல்நிலையில் அனுப்பப்படுவோர் அதிகரித்துள்ளனர் எனவும் கண்டறிந்தது.

இரண்டாவது விமர்சனம் குறியீடு பற்றியது. உடனிருக்கும் நோய்களைக் கூடுதலாகப் பதிந்தால் எடை உயரும். சிகிச்சை மாறாமலே கட்டணம் கூடும். நோயின் கடுமையை மேலும் நுட்பமாகப் பிரிக்கும் புதிய வகைப்பாடு 2007 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது, இவ்விளைவை ஈடுசெய்ய அடிப்படைத் தொகையும் குறைக்கப்பட்டது.

மூன்றாவது குறை அடிப்படையானது. இம்முறை செலவை அளக்கிறதேயன்றி, நோயாளி அடைந்த நலனை அளப்பதில்லை. வீடு திரும்பியவர் மீண்டும் அனுமதிக்கப்பட்டால், மருத்துவமனைக்குப் பெரும்பாலும் இரண்டாவது கட்டணமும் கிடைக்கும்.

பிந்தைய சீர்திருத்தங்கள்

இக்குறைகளைக் களையப் பின்வரும் மாற்றங்கள் செய்யப்பட்டன:

- 2008 அக்டோபர் முதல், உடலினுள் கருவியை விட்டுவிடுதல், பொருந்தாத இரத்தம் ஏற்றுதல் போன்று மருத்துவமனையில் நேரும் சில தீங்குகளுக்காகக் கூடுதல் கட்டணம் வழங்கப்படுவதில்லை.
- 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நுரையீரல் அழற்சி ஆகியவற்றுக்குப் பின் 30 நாட்களுக்குள் மீள அனுமதிக்கப்படுவோர் எதிர்பார்த்ததைவிட அதிகமுள்ள மருத்துவமனைகளின் கட்டணம் 2012 அக்டோபர் முதல் குறைக்கப்பட்டது. தொடக்கத்தில் 1% ஆக இருந்த உச்சவரம்பு பின்னர் 3% ஆக்கப்பட்டது. நோய்களின் பட்டியலும் பின்னர் விரிவாக்கப்பட்டது.
- 2016 ஏப்ரலில், இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சைக்கு, அறுவை முதல் வீடு திரும்பிய 90 நாட்கள் வரையிலான செலவுக்கு மருத்துவமனையைப் பொறுப்பாக்கும் சோதனைத் திட்டம் 67 பெருநகரப் பகுதிகளில் தொடங்கியது. இது 2024 இறுதிவரை நடைபெற்றது.

மீள அனுமதிக்கான தண்டம், ஏழை நோயாளிகளை அதிகம் கொண்ட மருத்துவமனைகளையே கூடுதலாகப் பாதித்தது. வீட்டில் கவனிக்க ஆளின்மை, மருந்து வாங்க இயலாமை போன்றவை மருத்துவமனையின் கட்டுப்பாட்டில் இல்லை என்பதே காரணமாகக் கூறப்பட்டது. எனவே 2016 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஒத்த நிலையிலுள்ள நோயாளிகளைக் கொண்ட மருத்துவமனைகள் தமக்குள் மட்டுமே ஒப்பிடப்படுகின்றன.

பிற நாடுகளில்

செருமனி, ஆசுத்திரேலிய வகைப்பாட்டைத் தழுவித் தனது முறையை 2003 முதல் நடைமுறைப்படுத்தியது. இந்தியாவில் 2018 இல் தொடங்கப்பட்ட ஆயுசுமான் பாரத் திட்டமும், தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் சிகிச்சைக்கு இவ்வளவு என்ற தொகுப்புக் கட்டணத்தைப் பின்பற்றுகின்றன. முன்கூட்டியே தொகை நிர்ணயிக்கப்படுவதில் இவை நோய்த்தொகுதி முறையை ஒத்தவை. எனினும் இவற்றின் தொகுப்புகள் பெரிதும் சிகிச்சை வகையைக் கொண்டே அமைந்தவை. நோயாளியின் பிற நோய்களுக்கு ஏற்ப எடையிடுவதை அடிப்படையாகக் கொண்டவை அல்ல.

இவற்றையும் பார்க்க

- மெடிக்கேர்
- மருத்துவக் காப்பீடு
- நலவாழ்வுப் பொருளியல்