உங்களுக்குத் தெரியுமா? பாட்டுத் தட்டுகளைக் காப்பாற்றப் பழைய கணினியே போதும்

ஸ்ரீபெரும்புதூரில் டெல் நிறுவனம் 2007 முதல் கணினி தயாரிக்கிறது. அந்தக் காலத்துக் கணினி ஒன்று பரணில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சி.டி. டிரைவ் ஓடினால், வீட்டிலுள்ள பாட்டுத் தட்டுகளைக் காப்பாற்ற அதுவே போதும். சி.டி.யில் ஒரு விநாடி இசை 1,76,400 பைட். ஐந்து நிமிடப் பாட்டு ஏறக்குறைய 53 எம்.பி. பழைய பிராசஸருக்கும் இது சுமையே இல்லை, நேரம் பிடிப்பது தட்டைப் படிப்பதில்தான். 1998-இல் வந்த ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ என்ற சின்ன மென்பொருள் ஒவ்வொரு துண்டையும் இரண்டு முறை படித்து ஒப்பிடும். கீறல் விழுந்த இடத்தில் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், திரும்பத் திரும்பப் படித்து, அதிக முறை ஒன்றுபோல வந்ததை எடுத்துக்கொள்ளும்.

எம்.பி.3 இன்னும் சிறியதாயிற்றே என்பார்கள். உண்மைதான், ஆனால் அது ஒலியில் ஒரு பகுதியை நீக்கிவிடுகிறது, நீக்கியது திரும்ப வராது. 2001-இல் வந்த ஃப்ளாக் என்ற கோப்பு வடிவம் ஒரு பிட்டும் இழக்காமல் அளவை ஏறக்குறையப் பாதியாக்கும்; வேண்டும்போது அதிலிருந்தே எம்.பி.3 செய்துகொள்ளலாம். எல்லாம் இணையத்தில் இருக்கிறதே என்றால், உரிம ஒப்பந்தம் முடிந்ததும் பாட்டு அங்கிருந்து மறைந்துவிடலாம். ஒன்று மட்டும் அவசியம்: படம், ஆண்டு, பாடகர், இசையமைப்பாளர் பெயர்களைக் கோப்பிலேயே எழுதிவையுங்கள். ‘ட்ராக் 07’ என்று விட்டுவிட்டால் பிறகு எந்தப் பாட்டு எது என்றே தெரியாது.