பாறை மீன் வாங்கும் முன்...

நம் வணிகர்கள் பலர் வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கிறோம். மஞ்சளும் நீலமுமாய்ப் பளிச்சிடும் ஆப்பிரிக்க 'சிக்லிட்' மீனைக் கண்டதும் ஜோடியாக வாங்குவோர் உண்டு. சில வாரங்களில் ஒன்று செத்து மிதக்கும். சரக்கின் குணம் அறியாத கொள்முதலே காரணம்.

இவற்றின் தாயகம் மலாவி ஏரி. அங்கே இவற்றை 'எம்பூனா' என்பர். பாறை இடுக்கில் வாழ்ந்து, பாறையில் படியும் பாசியை மேய்பவை. ஆண் மீன் தன் இடத்துக்கு வரும் மற்ற ஆணை விரட்டும். ஒளிய இடமில்லாத சிறு தொட்டியில் இளைத்தது மடியும்.

எனவே நான்கடித் தொட்டியும், ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணும் வேண்டும். இவை மணலைத் தோண்டும். ஆகவே கற்களை அடித்தளத்திலேயே உறுதியாக அடுக்கிவிட்டுப் பிறகு மணல் இடுக. சுண்ணாம்புச் சத்துள்ள கடின நீர் ஏற்றது. வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றுக.

புழுத் தீனி மலிவென்று அதையே போட்டால் வயிறு உப்பி இறக்கும். 'ஸ்பைருலினா' பாசி கலந்த தீனியே நன்று. பெண் மீன் தாடை புடைத்து, தீனி எடுக்காதிருந்தால் நோயென்று அஞ்ச வேண்டாம். முட்டைகளை வாயில் வைத்து மூன்று வாரம் அடைகாக்கிறது.

புதிதாகத் தொடங்குவோர், சற்றுச் சாதுவான மஞ்சள் வகையை வாங்கலாம். மீனுக்கு விலை பேசும் முன் தொட்டியை அளந்து பார்ப்போம்.