ஒரே மாவட்டம்தான், ஆனால் வெயில் வேறு!

"திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் என்னம்மா பெரிய வித்தியாசம்? ரெண்டும் ஒரே மாவட்டம்தானே!" என்று என் நாத்தனார் அடிக்கடி சொல்வாள். இரண்டு ஊரிலும் தலா பதினைந்து வருடத்துக்குக் குறையாமல் அடுப்பு மூட்டியவள் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். அடுத்த வருடம் என் கணவர் ஓய்வு பெறுகிறார். எந்த ஊரில் நிலையாகத் தங்குவது என்று வீட்டில் தினமும் பேச்சு நடப்பதால், இதை எழுதத் தோன்றியது.

நான் வாழ்க்கைப்பட்டது திருவள்ளூரில். வைத்திய வீரராகவர் கோவிலுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு. அமாவாசை வந்தால் தெருவே நிரம்பிவிடும். குளத்தில் வெல்லம் கரைக்க எங்கெங்கிருந்தோ வருவார்கள். தை அமாவாசைக்குச் சொல்லவே வேண்டாம். எங்கள் வீட்டுத் திண்ணையில் யாராவது முன்பின் தெரியாதவர்கள் படுத்திருப்பார்கள். என் மாமியார் அவர்களுக்கும் சேர்த்துத்தான் மோர் கரைப்பார்.

அங்கே கோடை என்றால் உண்மையான கோடை. பக்கத்தில் இருக்கும் திருத்தணியில் 100 டிகிரியைத் தாண்டியது என்று பேப்பரில் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுத் தளமும் கொதிக்கும். மேல்காற்று பலமாக அடிக்கிற நாட்களில் கடல்காற்று உள்ளே வர முடியாமல் தவிக்கும். வந்தால் பொழுது சாயும் நேரத்துக்கு வரும், சில நாள் வராமலே போகும். காலையில் அரைத்த மாவு மதியத்துக்குள் புளித்துவிடும். ஆனால் வடாம் போடுவதற்கு அதைப் போல ஊர் கிடையாது. காலையில் கூழ் காய்ச்சி ஊற்றினால் சாயங்காலம் சேலையிலிருந்து கலகலவென்று உதிரும். மார்கழி, தை விடியலில் நல்ல பனி. அப்போது மாவு பொங்காது, பானையைச் சாக்கில் சுற்றி வைப்போம்.

2008-ல் கணவருக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். இரண்டு ஊருக்கும் மின்சார ரயில் உண்டு, ஆனால் இது கூடூர் பாதை, அது அரக்கோணம் பாதை. ரயிலில் போவதென்றால் சென்னை வரை போய்த்தான் மாற வேண்டும். இல்லாவிட்டால் பெரியபாளையம் வழியாகவோ ஊத்துக்கோட்டை வழியாகவோ பஸ்ஸில் சுற்ற வேண்டும். 1997-ல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து கலெக்டர் ஆபீஸ் திருவள்ளூரில். திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிற இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு அன்றைய கூலி போச்சு என்றுதான் அர்த்தம்.

இங்கே பழவேற்காடு ஏரியும் கடலும் பக்கம். அக்னி நட்சத்திரத்திலும் மதியம் தாண்டியதும் கிழக்கே இருந்து காற்று வந்துவிடும். வந்த முதல் கோடையில் எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. ஆனால் பிசுபிசுப்பு! உப்பு ஜாடியில் தண்ணீர் விடும், அப்பளம் நமத்துப் போகும், வடாம் இரண்டு நாளானாலும் நடுவில் ஈரமாகவே இருக்கும். அதைவிட மோசம், மொட்டை மாடியில் துணி காயப் போட்டால் கரித்தூள் படிகிறது. எந்தப் புகைபோக்கியில் இருந்து வருகிறது என்று நமக்கென்ன தெரியும்? வெள்ளைச் சட்டையை வீட்டுக்குள் கயிறு கட்டித்தான் காய வைக்கிறேன். குடிக்கத் தண்ணீர் கேன்தான்.

மழையிலும் வித்தியாசம் உண்டு. ஆடி, ஆவணியில் திருவள்ளூரில் சாயங்காலம் இடியோடு ஒரு மழை கொட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டு ஊருக்கும் பொது என்றாலும், இங்கே பயம் காற்று. அங்கே பயம் ஏரி. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயலில் எங்கள் பின்கட்டு ஷீட் பறந்து நாலு வீடு தள்ளி விழுந்தது. அதற்கு முந்தின வருடப் பெருமழையில் பூண்டி ஏரியைத் திறந்தபோது கொசஸ்தலை ஆற்றில் ஓடிய தண்ணீரைப் பார்த்து மாமியார் இரவெல்லாம் போன் செய்துகொண்டிருந்தார்.

அன்றாட வாழ்க்கையோ முற்றிலும் வேறு. திருவள்ளூரில் கோவில் மணிக்கு எழுந்தோம்; இங்கே ஷிப்ட்டுக்கு எழுகிறோம். இரவு ஷிப்ட் முடிந்து அவர் தூங்கும்போது குக்கர் விசில் கூட அடிக்கவிடாமல் சமைக்க நான் தனிக்கலையே கற்றுக்கொண்டேன். காய் விற்கிற அம்மா தெலுங்கு பேசுகிறார். பக்கத்து போர்ஷனில் ஒடிசாக்காரப் பெண். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை அரைகுறை. ஆனாலும் அவள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நான்தான். பழவேற்காட்டு இறாலும் நண்டும் கிடைப்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும்! இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருவள்ளூரில் நான் எப்போதும் 'அந்த வீட்டு மருமகள்'. இங்கேதான் தையல் மிஷின் வாங்கி, என் பெயரைச் சொல்லி நாலு பேர் தேடி வருகிற மாதிரி ஆனேன்.

சொந்த வீடு அங்கே சும்மாதானே இருக்கிறது, எண்பது தாண்டிய மாமியார் தனியாக இருக்கிறாரே, போக வேண்டியதுதானே என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயம்தான். அவரை இங்கே அழைத்து வந்தும் பார்த்தோம். பத்தாம் நாள், "காத்து நல்லாத்தான்டி இருக்கு, ஆனா வாசல்ல உக்காந்தா பேச ஒரு ஆள் இல்லையே" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

என் கவலை சின்ன மகளைப் பற்றி. அவளுக்கு எட்டு வயதில் இளைப்பு ஆரம்பித்தது. புகையும் தூசியும் ஆகாது என்கிறார் டாக்டர். ஆனால் லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போனபோதும் அவளுக்கு ஒரு தடவை வந்தது, மார்கழிப் பனியில். அதனால் ஊர் மாறினால் சரியாகிவிடும் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

"நீங்க ரிடையர் ஆனதும் ஒரு கோடையும் ஒரு பனிக்காலமும் அங்கே இருந்து பார்ப்போங்க. அதுவரைக்கும் இந்த வீட்டைக் காலி பண்ண வேணாம்" என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு இடத்துக்கும் கரண்ட் பில் கட்ட வேண்டுமே என்று முணுமுணுத்தாலும் அவர் மறுக்கவில்லை. மிஷினையும் கூடவே எடுத்துப் போகிறேன்.

இளைப்பு உள்ள பிள்ளைகளோடு இப்படித் தொழிற்பேட்டை ஊரிலிருந்து உள்ளூர்ப் பக்கம் குடிபோன சகோதரிகள் யாராவது இருந்தால், பிறகு எப்படி இருந்தது என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, கும்மிடிப்பூண்டி.