விரல் மறைக்கும் கதிர்

ஓய்வு பெற்ற ஆசிரியன் வீட்டுத் திண்ணைக்கு ஓய்வு கிடைப்பதில்லை. சென்ற ஆண்டு கல்லூரி மாணவர் இருவர் பெரிய மரச்சட்டம் ஒன்றை அதன்மேல் கொண்டுவந்து வைத்தனர். தாம் படித்த பள்ளிக்குத் தொடுதிரை ஒன்றைத் தம் கையாலேயே செய்தளிப்பது அவர்கள் எண்ணம். ஒரு சாண் சட்டத்தில் ஒழுங்காக இயங்கிய அமைப்பு, 120 சென்டிமீட்டர் அகலமும் 90 சென்டிமீட்டர் உயரமும் உள்ள சட்டத்தில் முரண்டு பிடித்தது. பள்ளி ஆண்டு விழாவுக்கோ இரண்டு வாரமே இருந்தது.

இதன் தத்துவம் எளிது. சட்டத்தின் ஒரு பக்கத்தில் அகச்சிவப்புக் கதிர் வீசும் சிறு விளக்குகள்; எதிர்ப்பக்கத்தில் அக்கதிரை உணரும் கண்கள். மேலும் கீழும் அவ்வாறே. விரல் வைத்தவுடன் குறுக்குக் கதிர் ஒன்றும் நெடுக்குக் கதிர் ஒன்றும் மறைபடும். அவை வெட்டிக்கொள்ளும் இடமே விரல் இருக்கும் இடம். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தார் 1972-ஆம் ஆண்டளவில், பிளேட்டோ என்னும் தம் கற்பிக்கும் கணிப்பொறியில் இம்முறையைக் கையாண்டனர். பக்கத்துக்கு 16 கதிர்கள். ஆக 256 கட்டங்கள். விடையைத் தொட்டுக் காட்ட அது போதும், எழுதப் போதாது.

எழுத வேண்டுமாயின் 5 மில்லிமீட்டருக்கு ஒரு கதிரேனும் வேண்டும் என்று மாணவர்கள் கணக்கிட்டனர். 240-உம் 180-உமாக 420 இணைகள் ஆயின. அவற்றைப் பற்றவைக்கும் உழைப்பு இருக்கட்டும். ஒளியின் இயல்பே குறுக்கே நின்றது. கதிர் நூல்போல் செல்வதில்லை, புனல்போல் விரிகிறது. தொலைவு இருமடங்கானால் கண்ணில் விழும் ஒளி நான்கில் ஒன்றாகும். அச்சிலிருந்து 10 பாகை விரியும் விளக்கு, 120 சென்டிமீட்டர் தள்ளி ஏறத்தாழ 80 கண்களில் ஒளி கொட்டும். ஆகவே விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றி, நேர் எதிரேயுள்ள கண்ணை மட்டும் வினவ வேண்டும். இணைக்கு விநாடியில் பதினாயிரத்தில் ஒரு பங்கு ஆனால், விநாடிக்குச் சுமார் 24 சுற்றுகளே முடியும். வேகமாக எழுதும் கைக்கு அது குறைவு.

விரிவு குறைந்த விளக்கை வாங்கினால் என்ன? அவர்களும் வாங்கினார்கள். அது 1 பாகை சாய்ந்தாலும் எதிர்ப்புறத்தில் கதிர் 2 சென்டிமீட்டர் விலகி விழுகிறது. மரச்சட்டம் சற்றே முறுக்கிக்கொண்டால் போதும்!

மங்கிய ஒளியைக் காண மின்தடையைக் கூட்டினால் கண்ணின் உணர்வு பெருகும். கூடவே அது மந்தமும் ஆகும். வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் நிரம்ப உண்டு. விளக்கு அணைந்தபோதும் எரியும்போதும் அளந்து கழித்தால் வெயிலின் பங்கு நீங்கும். ஆனால் நேர் வெயிலில் கண் நிரம்பிவிட்டால் இரண்டு அளவும் ஒன்றே. கழித்தால் மிஞ்சுவது சுழி.

இரண்டு விரல் வைத்தாலோ, வெட்டுமிடங்கள் நான்கு; அவற்றுள் இரண்டு பொய் விரல்கள். இதற்கு மருந்து, நாம் இதுவரை வைத கதிர் விரிவிலேயே இருக்கிறது. எதிர்க்கண்ணோடு அதன் அண்டைக் கண்களையும் வினவினால் சாய்வான கதிர்கள் கிடைக்கும். பொய் விரலின் இடத்தை அச்சாய்கதிர் தடையின்றிக் கடந்துவிடும், பொய் வெளிப்பட்டுவிடும். வினாக்கள் பெருகுவதால் நேரம் மேலும் நீளும் என்பது வேறு.

முடிவில் அவர்கள் அகன்ற விளக்குகளுக்கே திரும்பினர். இடைவெளியை 10 மில்லிமீட்டராக்கி, 210 இணைகளோடு நிறுத்தினர். பொடியெழுத்து வரவில்லை; பெரிய எழுத்தும் படமும் வந்தன. விழாவன்று மேடையில் அதற்கு ஒதுக்கியிருந்த இடம் மேற்குச் சன்னலுக்கு நேர் எதிரே! கூட்டம் சேருமுன் நாங்கள் மூவரும் திரைச்சீலை தேடி ஓடினோம்.