வீட்டு வாசலிலேயே "டர்போ" வேலை! கார் பறக்குது, என்ஜின் தாங்குமா?

"அண்ணே, ஸ்டேஜ் ஒண்ணு போட்டா எவ்வளவு ஏறும்?"

சென்னை கார் பட்டறைகளில் இப்போது சாதாரணமாகக் கேட்கும் கேள்வி இது. "ஸ்டேஜ்" என்றால் நாடக மேடை அல்ல. டர்போ காரின் கம்ப்யூட்டரில் கம்பெனி எழுதி வைத்த கணக்கை மாற்றி, என்ஜினின் சக்தியைக் கூட்டும் வேலை!

ஒரு லேப்டாப், ஒரு வயர். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் சொருகினால் போதும். பல கார்களில் பானெட்டைக் கூடத் திறக்க வேண்டாம். காலையில் 105 குதிரை சக்தியோடு நின்ற கார், மாலையில் 130-ஐத் தொடுகிறது.

வேகம் வந்தது, சரி. என்ஜின் தாங்குமா? கியர் தாங்குமா? சட்டம் சும்மா விடுமா?

புகையில் சுற்றும் காற்றாடி

டர்போ என்பது மாயமந்திரம் அல்ல. சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகை, ஒரு சிறு காற்றாடியைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி. அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, என்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரியும். சக்தி கூடும். அவ்வளவுதான்!

இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பூகி காப்புரிமை கேட்டு மனு கொடுத்த ஆண்டு 1905.

இந்தக் காற்றாடி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். சின்ன டர்போ என்றால் 2 லட்சத்தைக் கூடத் தாண்டும். பெட்ரோல் காரில் புகையின் சூடு ஆயிரம் டிகிரியை நெருங்கும். இத்தனையையும் தாங்கி நிற்பது ஒரு மெல்லிய ஆயில் படலம்!

சாதாரண என்ஜினில் கம்ப்யூட்டர் கணக்கை மாற்றினால் கிடைப்பது சொற்பம். டர்போ பெட்ரோல் என்ஜினில் பொதுவாக நூற்றுக்கு 20 முதல் 30 வரை ஏறும். காற்றின் அழுத்தத்தை இஷ்டத்துக்குக் கூட்டலாம் என்பதே காரணம். வாலிபர்கள் மயங்குவதும் இங்கேதான்.

"டொக்... டொக்..." எமன் தட்டுகிறான்!

காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் "இன்டர்கூலர்" என்ற ரேடியேட்டர் போன்ற சாமான் இருக்கிறது.

அழுத்தத்தை மேலும் மேலும் ஏற்றினால் என்ன ஆகும்? பிளக்கின் தீப்பொறியால் எரிய வேண்டிய பெட்ரோல், அதன் முறை வரும் முன்பே ஒரு மூலையில் தானாக வெடிக்கும். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடித்த மாதிரி "டொக்... டொக்..." என்று சத்தம் கேட்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் "நாக்கிங்" என்கிறார்கள். தொடர்ந்து அடித்தால் பிஸ்டன் உடையும். சில சமயம் ஓட்டையே விழும். என்ஜின் அம்போ!

பெரிய கம்பெனிகளே இதில் தலையைப் பிய்த்துக் கொண்டன. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் கம்பெனி "ஜெட்பயர்" என்ற டர்போ காரை இறக்கியது. வெடிப்பைத் தடுக்க, தண்ணீரும் மெதனாலும் கலந்த திரவத்தை என்ஜினுக்குள் தெளிக்க ஒரு தனி டாங்கி வைத்தார்கள். வாங்கியவர்களோ டாங்கியை நிரப்ப மறந்தார்கள். இரண்டே ஆண்டில் கார் நின்றது. பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டரை மாட்டினார்கள்.

இன்றைய கார்களில் வெடிப்பை ஒட்டுக்கேட்கும் "சென்சார்" இருக்கிறது. சத்தம் கேட்டதும் கம்ப்யூட்டர் தீப்பொறி நேரத்தைத் தள்ளிப்போட்டு என்ஜினைக் காப்பாற்றும். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய கணக்கைப் போட்டுவிட்டு, மாதக்கடைசியில் சாதாரண பெட்ரோல் போட்டு ஓட்டினால், அந்தக் காவலாளி எத்தனை நாள்தான் காவல் காப்பான்?

புதுப்பேட்டை சாமான்

சிலர் கணக்கை மாற்றுவதோடு நிற்பதில்லை. பெரிய டர்போவே வேண்டும் என்று கிளம்புகிறார்கள். புதுப்பேட்டையில் கிடைக்காத சாமான் கிடையாது. ஆனால் பழைய டர்போ வாங்குவது, பழைய சட்டை வாங்குகிற கதை அல்ல.

தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். காற்றாடி இதழின் நுனியில் ஒரு சின்ன நசுங்கல் இருந்தாலும் வேண்டாம். லட்சம் சுற்றில் அந்த நசுங்கலே உயிருக்கு உலை. பழைய ஆயில் குழாயை அப்படியே மாட்டுவதும் தப்பு. அடைத்த குழாயால் செத்த டர்போக்கள் ஏராளம்.

இன்னொரு பழைய தந்திரமும் உண்டு. "வேஸ்ட்கேட்" என்ற கதவுதான் அதிகப்படியான புகையை டர்போவுக்குப் போகாமல் ஒதுக்கி விடுகிறது. அதன் கம்பியை ஸ்பேனரால் முறுக்கினால் அழுத்தம் ஏறும். கார்புரேட்டர் காலத்தில் இது நடந்தது. இன்று கம்ப்யூட்டர் உடனே கண்டுபிடித்துவிடும். மஞ்சள் விளக்கு எரியும். கார் ஆமை வேகத்தில் வீடு வந்து சேரும்.

வீட்டில் எதைச் செய்யலாம்?

வீட்டில் எதுவுமே செய்யக்கூடாதா? செய்யலாம். ஆனால் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் அழுத்தத்தை ஏற்றிவிட்டு, உடைந்த பிறகு காரணம் தேடுகிறார்கள். சரியான வரிசை இதுதான்:

முதலில் என்ஜினின் ஆரோக்கியம். ஒவ்வொரு சிலிண்டரிலும் "கம்ப்ரஷன்" மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் குறைவாகக் காட்டினால் மேற்கொண்டு வேலையே கூடாது.

அடுத்து காற்றுக் கசிவு. ரப்பர் குழாய்களில் குறைந்த அழுத்தத்தில் காற்றை விட்டு, சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். பல கார்களில் "இழுவை குறைஞ்சு போச்சு" என்ற புகாருக்கு மருந்து, ஒரு கிளாம்பை முறுக்குவதுதான்!

புது பிளக், கம்பெனி சொன்ன தரத்தில் ஆயில், சுத்தமான ஏர் பில்டர், இன்டர்கூலரின் மேல் அடைத்த தூசியைக் கழுவுவது ஆகியவையும் வீட்டு வேலைகளே. சாக்கெட்டில் சொருகும் சின்னக் கருவி ஒன்றை வாங்கினால் அழுத்தம், காற்றின் சூடு, தீப்பொறி எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதையெல்லாம் செல்போனிலேயே பார்க்கலாம்.

எது கூடாது?

கணக்கை மாற்றி எழுதுவது வேறு விஷயம். முழு வேகத்தில் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தை அளக்க வேண்டும். நிதானமாக ஓடும்போது ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. முழு அழுத்தத்தில் பெட்ரோலைக் கூட்ட வேண்டியிருக்கும். தவறிக் குறைந்தால் சூடு எகிறும்.

இதை "டைனோ" என்ற உருளை மேடையில் காரை நிறுத்தி, ஓட்டி அளக்க வேண்டும். நடுராத்திரியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மிதித்துவிட்டு "செமையா இழுக்குது மச்சான்" என்பது அளவு ஆகாது.

எழுதும் நேரத்தில் பேட்டரி இறங்கிவிட்டால் கார் கம்ப்யூட்டர் பாதியில் செத்துவிடும். சார்ஜர் மாட்டாமல் தொடவே கூடாது. பழைய கணக்கின் நகல் ஒன்றைப் பத்திரப்படுத்தாமலும் தொடக்கூடாது.

ஒன்றைக் கூட்டினால்...

என்ஜின் பிழைத்தாலும் கியர்பெட்டி விடாது. வோல்க்ஸ்வேகன் போலோ ஜி.டி. கார் 2013-ல் இந்தியாவுக்கு வந்தபோது 1.2 லிட்டர் டர்போ என்ஜின், 105 குதிரை சக்தி, 175 நியூட்டன் மீட்டர் இழுவை. அதில் இருந்த 7 கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி 250 நியூட்டன் மீட்டருக்காகச் செய்தது. இடையில் இருப்பது 75. இழுவையை ஏற்ற ஏற்ற அந்த இடைவெளி கரைகிறது. முதலில் அலறுவது கிளட்ச்!

பிரேக்கை யார் நினைக்கிறார்கள்? 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 120-க்குப் போனால், நிறுத்த வேண்டிய சக்தி ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டேகால் மடங்கு! அதே பழைய பிரேக், அதே தேய்ந்த டயர் என்றால் முன்னே போகிறவன் கதி என்ன?

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பில் இருந்து வண்டியை மாற்றுவதற்குக் கடிவாளம் போடுகிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, சட்டவிரோதமாக மாற்றினால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும்!

ரோட்டில் ரேஸ் விட்டால் முதல் முறை 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம். மறுபடி மாட்டினால் ஓராண்டு, ரூ.10 ஆயிரம். மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால் இன்சூரன்சும் கையை விரிக்கலாம். கம்பெனி வாரண்டிக்கும் கும்பிடு போட வேண்டியதுதான்.

வேகம் காட்ட இடமா இல்லை? ஒரு காலத்தில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்க்கக் கூட்டம் அலைமோதும். 1990 முதல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனி ரேஸ் பாதையே இருக்கிறது. கோவையிலும் கரி மோட்டார் ஸ்பீட்வே உண்டு. அங்கே எதிரே தண்ணீர் லாரி வராது. குறுக்கே குழந்தை ஓடாது.

பழைய கார் வாங்குவோர் உஷார்!

"நமக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" என்று நினைக்கும் ஆபீஸ் குமாஸ்தாவும் கடைக்காரரும் கூட இதில் மாட்டலாம். இரண்டு வருடம் விரட்டி ஓட்டிவிட்டு, விற்கும் முன் பழைய கணக்கையே திரும்ப ஏற்றிவிடுகிறவர்களும் உண்டு. பார்வைக்குப் பசு. உள்ளே ஓய்ந்துபோன குதிரை!

வாங்கும் முன் பாருங்கள். காற்றுக் குழாய்களில் மட்டும் புது கிளாம்ப் மின்னுகிறதா? கண்ணாடி ஓரத்தூணில் மீட்டர் மாட்டிக் கழற்றிய தழும்பு இருக்கிறதா? ஆட்டோமேட்டிக் வண்டி நகரும்போது உதறுகிறதா? மிதித்தால் நீலப்புகை வருகிறதா? கணக்கு எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டது என்பதைச் சில கம்பெனிகளின் கம்ப்யூட்டர் மறக்காமல் எண்ணி வைத்திருக்கும். கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் காசு கட்டிப் பரிசோதித்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

விற்பவர் பொய் சொல்லலாம். பிஸ்டன் சொல்லாது!