சலான் வருமா, தபால் வருமா?

ஏற்காடு டவுனிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, காபித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். என் கணவர் ஒரு எஸ்டேட்டில் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். மகன் ஒன்பதாவது படிக்கிறான். பத்தாவது வரை படித்த நான் வீட்டோடு இருக்கிறேன். எங்கள் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுவதும் நான்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் அந்தக் குழுப் பணமும் இந்தக் கதையில் வருகிறது.

2024 ஜூன் மாதம் சேலத்தில் ஒருவரிடம் பழைய மாருதி கார் ஒன்று வாங்கினோம். வசதிக்காக வாங்கவில்லை. மாமியாரை மாதம் இரண்டு தடவை சேலம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. அந்த வயதில் பஸ்ஸில் நின்றுகொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்க அவரால் முடியவில்லை. என் வளையல் இரண்டையும் அடகு வைத்துத்தான் வாங்கினோம். ஆர்.சி. புத்தகப் பெயர் மாற்றத்தை, "நான் பார்த்துக்கறேங்க, நீங்க கவலைப்படாதீங்க" என்று புரோக்கர் ஏற்றுக்கொண்டார். நாங்களும் கவலைப்படவில்லை.

ஆவணி மாதம் மைசூரில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். ஓசூரில் இருக்கும் பெரிய மாமியாரையும் ஏற்றிக்கொண்டு பெங்களூர் வழியாகப் போவதாக ஏற்பாடு. ராத்திரி ஒரு மணிக்கே கிளம்பினோம். ஆனால் ஓசூரில் பெரிய மாமியார் பூ வாங்காமல் காரில் ஏறமாட்டேன் என்று முக்கால் மணி நேரம் ஆக்கிவிட்டார். பெங்களூர் நெரிசலைச் சொல்லவே வேண்டாம்.

அந்தப் பக்கம் 2023 மார்ச்சில் திறந்த மைசூர் விரைவுச் சாலை ஆறு வழிப்பாதை. கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர், கோலத்துக்கு இழுத்த கோடு மாதிரி நேராகப் போகிறது. எங்கள் மலையில் இரண்டாவது கியரிலேயே ஏறி இறங்கும் மனுஷனுக்கு அது புதுசு. அப்படியும் அவர் நிதானமாகத்தான் ஓட்டினார். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஏங்க, முகூர்த்தம் ஒன்பதரைக்கு. தாலி கட்டி முடிஞ்சப்புறம் போய் பந்தியில உக்காரவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று நச்சரித்தேன். அவரும் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

பின் சீட்டிலிருந்து பையன், "அப்பா, 120 தாண்டுது. போர்டுல 100ன்னு போட்டிருக்காங்க" என்றான். அதற்குள் தலைக்கு மேலே கேமரா வைத்த கம்பியைக் கடந்துவிட்டோம். மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது புரோகிதரே இன்னும் வந்திருக்கவில்லை!

பந்தியில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்த ரோட்டுல பூரா கேமராங்க. 130க்கு மேல போனா இந்த ஆகஸ்ட் ஒண்ணாம் தேதியிலேர்ந்து எஃப்.ஐ.ஆரே போடறாங்க." எனக்குப் பாயசம் தொண்டையில் இறங்கவில்லை. "எவ்வளவுலங்க போனோம்?" என்று காதோடு கேட்டேன். "120 இருக்கும்" என்றார். பையனைக் கேட்டால், "நான் பார்த்தப்ப 120. அப்புறம் தூங்கிட்டேன்மா" என்கிறான்.

வெறும் அபராதம் என்றால் கட்டிவிடலாம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி காருக்கு அதிவேக அபராதம் 1,000 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை. இரண்டாம் தடவை மாட்டினால் லைசென்ஸையே பிடித்து வைக்கலாம். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த லைசென்ஸால்தான். அதோடு கேஸ் என்று ஒன்று வந்து வேறு மாநிலத்துக் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருந்தால்? அன்றிரவு மலை ஏறும்போது, 2024 ஏப்ரல் 30-ஆம் தேதி தனியார் பஸ் கவிழ்ந்து பல உயிர்கள் போன வளைவு வந்தது. அதைக் கடக்கும்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வேகமாகப் போகச் சொன்னது நான் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அப்புறம் ஆரம்பித்தது காத்திருப்பு. ஆர்.சி.யில் பதிந்திருக்கும் செல்போனுக்குத்தான் அபராதச் செய்தி வருமாம். எங்கள் போனுக்கு ஒன்றும் வரவில்லை. வராததற்குக் காரணம் அப்புறம்தான் தெரிந்தது. புரோக்கர் பெயர் மாற்றத்தில் தன் நம்பரையே கொடுத்திருந்தார்! போன் செய்து கேட்டால், "தினமும் நூறு மெசேஜ் வருதுங்க, எதைன்னு பாக்கறது, அழிச்சுடுவேன்" என்கிறார். சரி, இனி தபால்தான் கதி என்று ஆனது.

எங்கள் ஊர்த் தபால் கதை தனி. வீடுகள் தோட்டத்துக்குள் ஒன்று அங்கே, ஒன்று இங்கே. சாதாரணக் கடிதமெல்லாம் பஸ் நிற்கிற இடத்துப் பெட்டிக்கடையில் போட்டுவிடுவார்கள். கடைக்காரம்மாவுக்கு ஞாபகம் வந்தால் நமக்குக் கிடைக்கும். கல்யாணப் பத்திரிகை, கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்து வந்து சேரும். தினமும் பால் வாங்கப் போகும் சாக்கில், "தபால் வந்துச்சாக்கா?" என்று கேட்டுக் கேட்டு, எனக்கு ஏதோ வேலைக்கு ஆர்டர் வரப்போகிறது என்று ஊரில் பேச்சாகிவிட்டது.

கேமராவில் பதிந்த குற்றத்துக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் விதி வந்திருப்பதாகப் பையனின் வாத்தியார் சொன்னார். உடனே காலண்டரில் கட்டம் கட்டினேன். பதினாறாம் நாள் வீட்டில் கேசரி கிண்டினேன். என் கணவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அவங்க அனுப்பறதுக்குத்தானே பதினஞ்சு நாளு. நம்ம ஊருக்கு வந்து சேர்றதுக்கு எத்தனை நாள்னு எவன் சொன்னான்?" என்றார். அந்தக் கேசரி எனக்கு இறங்கவில்லை.

நவம்பரில் ஒரு நாள் மத்தியானம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. மேலே அரசாங்க முத்திரை, "உங்கள் வாகனத்துக்குச் சலான்", கீழே அமுக்கிப் பார்க்க ஒரு ஃபைல். எத்தனையோ நாளாகக் காத்திருந்தவளுக்கு எப்படி இருக்கும்? அப்பாடா, வந்தேவிட்டது என்று விரலை வைக்கப் போனேன். அந்த நேரம் பார்த்துப் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தான். "அம்மா, தொடாதே! வண்டி நம்பரே இல்ல பாரு. ஏ.பி.கே. ஃபைல் இது. போட்டா போன்ல இருக்கற பேங்க் காசு பூராவும் போயிடும்" என்று பிடுங்கிக்கொண்டான். சகோதரிகளே, குழுவில் கடன் கொடுக்க எடுத்த 42,000 ரூபாய் அப்போது என் கணக்கில்தான் இருந்தது. பன்னிரண்டு பெண்கள் கூலியில் மிச்சம் பிடித்த காசு. அன்று முழுக்க என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. பயந்து கிடக்கிறவளைத் தேடித்தான் இந்த மாதிரி செய்தி வரும் போலிருக்கிறது. (ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும் என்று பையன் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறான்.)

டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயல் மழை. மலைப்பாதையில் மண் சரிந்தது. பாலே வராதபோது தபாலை எங்கே கேட்பது?

மழை விட்டு ரோடு சரியானதும் தபால் கொடுக்கும் பெண்ணை நேரில் பிடித்துச் சண்டை போடுவது என்றே போனேன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயசுதான் இருக்கும், வெளி மாவட்டத்துப் பிள்ளை. முட்டி வரை சேறு. "அக்கா, எங்களுக்கு ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், அஞ்சு மணி நேர வேலைன்னுதான் கணக்கு. இந்தத் தோட்டத்துக்குள்ள நடந்து முடிக்கவே பொழுது போயிடுது. கவர்ல ஏற்காடு 636601ன்னு மட்டும் இருந்தா நான் யாரைன்னு தேடுவேன்? ஊர் பேரு, எஸ்டேட் பேரு, போன் நம்பர் இருந்தா எப்படியாவது கொண்டாந்து தந்துடுவேன்" என்றது. என் கோபமெல்லாம் எங்கே போனதோ, வீட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்து அனுப்பினேன்.

அது சொன்னதிலிருந்துதான் எனக்குப் பொறி தட்டியது. ஆர்.சி. கார்டே இன்னும் வரவில்லையே! தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28-லிருந்து லைசென்ஸ், ஆர்.சி. இரண்டையும் விரைவுத் தபாலில்தான் அனுப்புகிறார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய் விசாரித்தால், எங்கள் கார்டு விலாசம் போதவில்லை என்று திரும்பி வந்து அங்கேயே கிடக்கிறது. புரோக்கர் எழுதிக் கொடுத்த விலாசத்தில் கணவர் பெயர், ஏற்காடு, பின்கோடு. அவ்வளவுதான். ஏற்காட்டில் சுற்றி அறுபதுக்கும் மேலே மலைக் கிராமங்கள். அபராத நோட்டீஸும் இந்த விலாசத்துக்குத்தானே வரும்! மூன்று மாதமாக நான் தபாலாபீஸைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

விலாசத்தைத் திருத்த எழுதிக் கொடுத்தோம். செல் நம்பரைப் பரிவாகன் இணையப் பக்கத்திலேயே மாற்றலாம் என்று டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் தம்பி மாற்றிக் கொடுத்தார். அபராதம் இருக்கிறதா என்று வண்டி நம்பரையும் சேஸிஸ் நம்பரின் கடைசி ஐந்து எண்ணையும் போட்டுப் பார்க்கலாம், தபாலுக்குக் காத்திருக்கவே வேண்டாம் என்றும் அவர்தான் சொன்னார். ஆனால் அன்று மலையில் நெட் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் பொங்கலுக்குக் கடையைச் சுத்தம் செய்த கடைக்காரம்மா, வெல்ல மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டுக் கடிதம் எடுத்துக் கொடுத்தார். அதில் முடிந்துபோன இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, நடுவில் எங்கள் நோட்டீஸ். கிழித்துப் பார்க்கத் தைரியமில்லாமல் கணவர் வரும்வரை சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தேன்.

122 கிலோமீட்டர் வேகம். அபராதம் ஆயிரம் ரூபாய். போட்டோவில் கார் நம்பர் பளிச்சென்று தெரிந்தது. முன் சீட்டில், அவர் பக்கம் திரும்பிக் கையை நீட்டி என்னவோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு உருவம். "இது யாருன்னு தெரியுதா?" என்று கணவர் கேட்டார். மறுநாளே பணத்தைக் கட்டிவிட்டோம். குழுப் பணத்திலிருந்து இல்லை, என் முட்டைக் காசிலிருந்து.

போன மாதம் ஆர்.சி. கார்டும் வந்தது. "அக்கா, பஸ் ஸ்டாப்ல நிக்கறேன், கையெழுத்து போடணும்" என்று அந்தப் பிள்ளை போன் செய்தது. மாவுக் கையோடு ஓடினேன்.

— ஒரு வாசகி, ஏற்காடு